முப்பத்தெட்டு டிகிரி

ஏழாம் பேனலின் கதவைத் திருமூர்த்தி திறந்து பிடித்துக்கொண்டதும் அம்சவேணிக்கு, பாதி முடிந்தது, இன்னும் ஏழு, என்று தோன்றியது. தோன்றிய உடனே, ஆறாம் பேனலில் நின்றபோதும் இன்னும் எட்டு என்றுதானே எண்ணினாய், இதென்ன பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, துப்பாக்கிபோலப் பிடியுள்ள கேமராவை உயர்த்தினாள். வெளிச்சத்தைப் பார்க்காமல் சூட்டை மட்டும் பார்க்கிற கேமரா அது. குளிர்ந்த இடம் ஊதா, கொஞ்சம் சூடானால் ஆரஞ்சு, இன்னும் சூடானால் மஞ்சள், கொதித்தால் வெள்ளை. பேனலுக்குள்ளே தடித்தடியான கேபிள்கள் செம்புப் பட்டைகளில் வந்து சேர்ந்து போல்ட்டால் இறுகி நிற்கிற இடம்தான் மூட்டு. பேனலுக்கு மூன்று மூட்டு. ஒவ்வொன்றிலும் திரையிலிருக்கும் கூட்டல் குறியை வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். இடது நாற்பத்தொன்று, நடு நாற்பது, வலது நாற்பத்திரண்டு. "நல்லாருக்குங்க" என்றாள், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்நூறு ஆயிரம் என்று நூல் கதிர்கள் சுற்றுகிற இரைச்சல், மில் முழுக்க ஒரே ரீங்காரம், அதைக் கேட்டுக்கேட்டு இங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில்கூட சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள், அப்பா அப்படித்தான் பேசினார், உப்பு வேண்டும் என்பதைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். மூட்டுகளின் மேல் சதுரம் சதுரமாகக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறபோது கரண்டைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, முதல் ஏழு பேனலில் அவளும் பின் ஏழு பேனலில் திருமூர்த்தியுமாக ஒட்டியது. பளபளக்கிற செம்பு இந்தக் கேமராவிடம் உண்மை பேசாது. தன் சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எதிரே யார் நிற்கிறார்களோ அவர்கள் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டிவிடும். அதனால்தான் டேப். டேப்புக்குக் கள்ளம் தெரியாது, அடியிலே என்ன சூடோ அதை அப்படியே மேலே காட்டிவிடும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது. பதினோரு வருஷமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்.

"எட்டுங்க மேடம். இந்தப் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், இருங்க" என்று திருமூர்த்தி சாவிக்கொத்தில் தேடினார். இந்த மில்லின் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஒரே மில்தான், வருகிற சித்திரையோடு ஓய்வு. மனிதர் ஒரு திருகாணியைக் கீழே போட மாட்டார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். காலையில் டேப் ஒட்டக் கையுறை மாட்டிக்கொண்டே அவர் சொன்னதுதான் அம்சவேணியின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "போன மாசம் ஷட்டவுன்ல பதினாலாவதத் தொறந்து ரெண்டு ஃபியூஸ் கட்டைய மாத்துனனுங்க. மூட்டெல்லாம் நல்லாருக்குன்னு உங்க ரிப்போர்ட்ல போட்டிருந்துச்சுங்களா, அதத் தொடலீங்க." அவர் சொன்னது வெறும் தகவல். அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், இருபத்திரண்டு நாளாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, கணவன் குருநாதன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அடுத்த ரிப்போர்ட்டுக்காகப் பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினான்காம் பேனல், வலது மூட்டு, முப்பத்தெட்டு டிகிரி, சரி. எதற்காகவோ படத்தைப் பெரிதாக்கினாள். செம்புப் பட்டையின் மேல் ஒரு மங்கலான ஆரஞ்சு வட்டம், அதன் அடியில் கழுத்து மாதிரி ஒரு குறுகல், அப்புறம் இரண்டு பக்கமும் சரிகிற தோள். தன் தலை. டேப் ஒட்டாத செம்பில் தன்னையே படம் பிடித்து, அதற்கு முப்பத்தெட்டு என்று எண் போட்டு, "இயல்பு" என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் படம் எடுத்த அன்றைக்குத் திருமூர்த்தி மகள் வளைகாப்புக்கு லீவு. பதினான்கு பேனலுக்கும் அவளே டேப் ஒட்ட வேண்டியிருந்தது. உடம்பு வேறு சரியில்லை, காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள், கை கால் எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. பதின்மூன்றை முடித்துத் திரும்புவதற்குள் சங்கு ஊதிவிட்டது, கரண்ட் வந்துவிட்டது. ஒன்றுதானே, என்று நினைத்தாள். இப்போதும் அந்த "ஒன்றுதானே" அவளுக்குள் தன் குரலிலேயே கேட்கிறது. இடது நாற்பத்து மூன்று, நடு நாற்பது, வலது நாற்பத்து நான்கு. "நல்லாருக்குங்க, அடுத்தது போலாம்."

ஒன்பதாம் பேனலுக்குப் போகிற வழியில் பஞ்சுத் தூசி தரையில் மெல்லிய ஜமக்காளமாகக் கிடந்தது, நடக்க நடக்கச் செருப்போடு வந்தது, எவ்வளவு பெருக்கினாலும் மில்லில் இது தீராது, உத்தரத்தில், குழாயில், மனிதர்களின் புருவத்தில் எல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பொறி போதும். இருபத்திரண்டு நாளாகக் காலையில் பேப்பர் வந்ததும் மாவட்டப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறாள், மில்லில் தீ என்று எங்கேயாவது இருக்கிறதா என்று. இல்லை என்றானதும் காபி இறங்கும். அப்படியென்றால் போனைப் போட்டுச் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே திருமூர்த்தியின் நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவென்று சொல்வது, நான் என் தலையைப் படம் பிடித்துவிட்டேன் என்றா? மூட்டு உண்மையிலேயே நன்றாகக்கூட இருக்கலாம், பதின்மூன்று பேனல் நன்றாக இருக்கிற மில்லில் பதினான்காவதும் நன்றாகத்தான் இருக்கும், மூன்று வாரத்தில் போகத்தானே போகிறோம், போய் டேப் ஒட்டிப் பார்த்து நாற்பது வந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாமே. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். நாளைக்கு அரிசி ஆலை ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர். எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை பார்த்தாள் அந்த மூன்று வாரமும், ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. அப்பா வேலை பார்த்த மில்லில் பஞ்சைப் பிரித்து அடிக்கிற அறையில் தீப்பிடித்தபோது அவளுக்கு ஒன்பது வயது. உயிர்ச்சேதம் இல்லை. அப்பாவுக்கு இரண்டு புருவமும் பொசுங்கிப்போனதோடு சரி. அடுத்த வாரம் சித்தப்பா கல்யாணம், புருவம் இல்லாமல் மேடையில் எப்படி நிற்பது என்று அம்மா கண்மையை எடுத்து இரண்டு வில் வரைந்துவிட்டாள், மண்டபத்து வியர்வையில் அது முகூர்த்தத்துக்குள் இறங்கி மூக்குக்கு வந்துவிட்டது, தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையைவிட அப்பாவைப் பார்த்துத்தான் சனம் சிரித்தது. இப்போதுகூட நினைத்தால் சிரிப்பு வருகிறது. முகக்கவசத்துக்குள் கொஞ்சம் சிரித்தாள், கண்ணாடி ஆவி பிடித்தது.

அப்பாவோடு அதே அறையில் வேலை பார்த்த வேலுச்சாமி சிரித்தாரா அந்தக் கல்யாணத்தில்? வரவேயில்லையே அவர். அவர் பீடி குடித்ததால்தான் தீப்பிடித்தது என்று மில்லில் எழுதி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் பீடி குடிக்கிறவரே இல்லை, வெற்றிலை போடுகிறவர், வீட்டுக்கு வந்தால் வாசலில் துப்புவார் என்று அம்மா சிடுசிடுப்பாள். அப்புறம் அவர் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டி போட்டு டீ விற்றார். அப்பா அந்தப் பக்கமே போக மாட்டார். பஸ் ஏறப் போனால்கூட மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் கூட்டிப் போவார். இந்த வழியிலே போனா சீக்கிரமாப் போலாமேப்பா என்று கேட்டதற்கு, "அங்க டீ நல்லாருக்காது கண்ணு" என்றார், அந்த மில் குரலில், சத்தமாக. டீ குடிக்கவா கேட்டாள்? அந்த அறையின் சுவிட்சுப் பெட்டி ஒரு வாரமாகப் பொறி விட்டுக்கொண்டிருந்தது அப்பாவுக்குத் தெரியும் என்பதை அப்பா போன பிறகு ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, காம்பு முத்தல், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள். பத்தாம் பேனல் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது. பதினொன்றில் நடு மூட்டு ஐம்பத்திரண்டு. "இது கொஞ்சம் லூசுங்க, அடுத்த ஷட்டவுன்ல ஒரு முறுக்கு முறுக்கிடுங்க" என்றதும் திருமூர்த்தி பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் குறித்துக்கொண்டார். அவள் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறார். அவள் ஐம்பத்திரண்டு என்றால் அது ஐம்பத்திரண்டு. அந்த நம்பிக்கைதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் கொஞ்சம் சந்தேகப்படுகிறவராக இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும் என்று அவர்மேல் ஒரு கோபம்கூட வந்தது, நியாயமே இல்லாத கோபம் என்று தெரிந்தே வந்தது.

பன்னிரண்டு முடிகிற நேரத்தில் மேனேஜர் சுகவனம் வந்து சேர்ந்துகொண்டார், கையில் போன தரம் அவள் கொடுத்த ரிப்போர்ட். "வழக்கமா நான் வர்றதில்ல, இன்சூரன்ஸ்காரங்க இந்தத் தடவை கூட நின்னு பாக்கச் சொல்றாங்க" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்துத்தான் நம்புவார், மழை பெய்தால்கூட யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். பதின்மூன்றில் அவள் எண்ணைச் சொல்லச்சொல்ல அவர் பழைய எண்ணோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். நாற்பத்தொன்றுக்கு நாற்பது. நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்தொன்று. சரியாக இருக்கும், பதினான்கும் இப்படியே வந்துவிடும், முப்பத்தெட்டுக்கு நாற்பது வந்தால் தலையாட்டுவார், கதவை மூடிவிடலாம், பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் குருநாதனுக்கு மிக்சர் வாங்கிக்கொண்டு போகலாம், சாயங்காலம் நிம்மதியாகத் தலைக்கு எண்ணெய் வைக்கலாம். வந்தால் சொல்வாயா? நன்றாக இருந்தால் எதற்குச் சொல்ல வேண்டும்? நன்றாக இல்லையென்றால்? மூன்று மாதம் ஆகிறதே, எந்த மூட்டுக்கும் மூன்று மாதத்தில் லூசாக உரிமை உண்டு, எந்திரம் அதிர்கிறது, செம்பு விரிகிறது சுருங்குகிறது, அன்றைக்கு நன்றாக இருந்தது இன்றைக்குக் கெட்டுவிட்டது என்று புத்தகமே சொல்கிறது. யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. இந்த முதலாளிக்கு நான்கு மில், நான்கிலும் அவள்தான் பார்க்கிறாள், ஒரு பெண் தனியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து பேனலுக்கு முன் நிற்பதை இவர்கள் ஏற்றுக்கொள்ளவே மூன்று வருஷம் ஆனது. மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பேரை அவள் மூட்டு மூட்டாகச் சேர்த்திருக்கிறாள். அந்தப் பேர் போய்விட்டால் இந்தக் கேமரா வெறும் பொம்மை. திருமூர்த்தி பதினான்காம் பேனலின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். கொத்தில் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியும், பச்சைக் கயிறு கட்டியது.

கதவு திறந்தது. இடது மூட்டு நாற்பத்தாறு. நடு நாற்பத்து நான்கு. கேமராவை வலது பக்கம் நகர்த்தும்போது கூட்டல் குறி போய்ச் சேருவதற்கு முன்பே திரையின் ஓரம் வெளுத்துவிட்டது. கறுப்பு டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம், அதிலிருந்து கேபிளின் உறை வழியாக ஒரு சாண் தூரம் மஞ்சள் வழிந்திருந்தது. தொண்ணூற்று மூன்று. விசையை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள். தொண்ணூற்று மூன்று. ஆச்சரியமாக, பயம் இல்லை. இருபத்திரண்டு நாளாகப் பயந்து முடித்தாயிற்றோ என்னவோ, மனசு குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா கிடந்தது. "தொண்ணூத்தி மூணு" என்றாள். சுகவனம் பக்கத்தைப் புரட்டினார். "முப்பத்தெட்டுன்னு இருக்கு. மூணு மாசத்துல இத்தனை ஏறுமா?" பிறகு அவர் திருமூர்த்தியைப் பார்த்தார். "போன மாசம் இதத் தொறந்தது நீங்கதானே?" "ஆமாங்க சார். ஃபியூஸ் கட்டைதானுங்க மாத்துனேன். இந்த மூட்டத் தொடலீங்க." "தொடாம எப்படி லூசாகும்? மேடம் பாத்தப்ப நல்லா இருந்திருக்கு, நீங்க தொறந்தப்புறம் கெட்டிருக்கு. இதுக்கு மெமோ குடுக்காம விட முடியாதுங்க, இன்சூரன்ஸ்ல கேப்பாங்க." திருமூர்த்தி எதிர்த்துப் பேசுவார் என்று அம்சவேணி காத்திருந்தாள், பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்றே சொல்ல வேண்டும். அவரோ பேனலுக்குள் எட்டிப் பார்த்தார், கையுறையைக் கழற்றித் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். "ஸ்பானர் கிஸ்பானர் பட்டிருக்குமுங்களோ என்னமோ" என்றார் மெதுவாக, அந்த இரைச்சலில் அது உதடு அசைந்ததில்தான் தெரிந்தது. "கட்டைய இழுக்கறப்ப கேபிள் ஆடியிருக்கும். நாந்தான் ஒருக்காப் பாத்திருக்கோணும்." முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு திருகாணியைக் கீழே போடாத மனிதர், செய்யாத தப்பைத் தன் கைக்குள் தேடிக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் கண்டுபிடித்தும் விடுவார். மார்க்கெட்டைச் சுற்றிப் போகிற வழி அவளுக்கு நன்றாகத் தெரியும். மீன் கடை, சாக்குக் கடை, அப்புறம் கழிப்பறைச் சுவர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினால் பஸ் நிற்கும்.

"சார், இது அவர் பண்ணினது இல்ல" என்றாள். சுகவனத்துக்குக் கேட்கவில்லை. முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "போன ரிப்போர்ட் தப்புங்க சார். நான் எழுதினதுதான் தப்பு" என்று கத்தினாள், அப்பாவின் குரல் அவளுக்கும் இருந்தது. "இந்த ஒரு பேனலுக்கு அன்னிக்கு நான் டேப் ஒட்டல. ஒட்டாமப் பாத்தா சூடு தெரியாது. அது முப்பத்தெட்டே இல்ல, அப்பவே சூடாத்தான் இருந்திருக்கும். எனக்கு இது மூணு வாரமாத் தெரியும், நான் சொல்லல." கடைசி வாக்கியத்தை அவள் சொல்லத் திட்டமிடவில்லை, மற்றவற்றோடு அதுவும் வந்துவிட்டது. சுகவனம் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரிப்போர்ட்டின் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். "இதை நாங்க இன்சூரன்ஸுக்கு அனுப்பியாச்சு மேடம்." "தெரியும் சார். தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." "மத்த மூணு மில்லுக்கும் நீங்கதானே?" "ஆமாங்க." "முதலாளிகிட்டப் பேசித்தான் சொல்ல முடியும். முடிச்சுட்டு ஆபீசுக்கு வாங்க." அவர் போகும்போது ரிப்போர்ட்டைக் குழலாகச் சுருட்டிக்கொண்டு போனார், வரும்போது விரித்துப் பிடித்து வந்த காகிதம். அவள் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். போயிற்று என்று நினைத்தாள். நான்கு மில்லும் போகலாம், ஒன்று மட்டும் போகலாம், எதுவும் போகாமலும் இருக்கலாம், ஆனால் மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்ற அந்த ஒன்று போயிற்று. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பசித்தது.

திருமூர்த்தி போனில், அந்தப் பேனலிலிருந்து கரண்ட் போகிற சிம்ப்ளக்ஸ் எந்திரங்களை நிறுத்தச் சொல்லி, பிரேக்கரை இறக்கி, பூட்டைப் போட்டு, ஆள் வேலை செய்கிறார் என்ற அட்டையைத் தொங்கவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூலையில் மட்டும் இரைச்சல் அடங்கியது. மூட்டு ஆறக் காத்திருக்க வேண்டும். அவர் கோபமாக இருப்பார் என்று அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "டேப் ஒட்டாமப் பாத்தா என்னதானுங்க தெரியும்? அந்தப் படம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருந்தது. கேமராவில் பழைய படங்களைத் தேடி எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த ஆரஞ்சு வட்டத்தை விரல் நுனியால், படாமல், சுற்றிக் காட்டினார். "இது தலை மாதிரித் தெரியுதுங்களே. அட, நீங்கதானுங்களா?" "ஆமாங்க. செம்புல என் உருவம்தான் விழுந்திருக்கு. என் சூட்டத்தான் மூட்டோட சூடுன்னு எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க." அவர் மன்னிப்பைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. ஓரத்திலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தெட்டுன்னு காட்டுதுங்களே" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "மனுச உடம்புக்கு இது ஜாஸ்தியாச்சுங்களே மேடம். காய்ச்சலோடயா வந்தீங்க அன்னிக்கு?"

செம்பு பாதி, அவள் பாதி, எல்லாம் கலந்துதான் அந்த முப்பத்தெட்டு என்று அவருக்கு விளக்கியிருக்கலாம். அதை விளக்க இது நேரமில்லை. இருபத்திரண்டு நாளாக அந்த எண்ணை எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறாள், இப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டில்கூட யாரும் கேட்கவில்லை, அன்று ராத்திரி தயிர் எங்கே இருக்கிறது என்றுதான் குருநாதன் கேட்டான், அவளும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள். காத்திருந்த அழுகை இப்போது வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. "ஆமாங்க" என்றாள். "நல்ல காய்ச்சல்." திருமூர்த்தி தலையை ஆட்டிக்கொண்டார். பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார், மூட்டு ஆறியிருக்குமா என்று எட்டிப் பார்த்தார். "அன்னிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அடுத்த நாளைக்கு வெச்சிருக்கலாமுங்களே, நானும் லீவு முடிஞ்சு வந்திருப்பேன்" என்றார்.